"ஒரு பூனைக்கா இவ்வளவு அழுகை?": வளர்த்த பிராணியை இழந்த பிள்ளையும் வகுப்பறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் வளர்த்த நாயோ பூனையோ முயலோ செத்துப்போன மறுநாளும் பிள்ளை பள்ளிக்கூடம் போகத்தான் வேண்டியிருக்கிறது. அங்கே ஆசிரியர் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியம் சில நேரம் இழப்பைவிட அதிக நாள் தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். பெற்றோரும், அவர்களைவிடக் குறைவாக ஆசிரியர்களும், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் மகளுக்கு எட்டு வயது. பூனை இறந்த மறுநாள் வகுப்பில் அழுதிருக்கிறாள். "ஒரு பூனைக்கா இவ்வளவு அழுகை? கண்ணைத் துடைச்சிட்டு எழுது" என்று ஆசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா?

விட்டுவிட வேண்டாம். சண்டையாக்கவும் வேண்டாம்.

ஆசிரியர் சொன்னதில் இரண்டு பாதி இருக்கிறது. "எழுது" என்பது அவர் வேலை, அதில் குற்றமில்லை. "ஒரு பூனைக்கா" என்பதுதான் சுட்டது. பூனை போனது ஒரு துக்கம். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அதற்காக அழுதது வெட்கக்கேடு என்று பிள்ளை கற்றுக்கொண்டது இரண்டாவது துக்கம். அது ஒரு பெரியவர் கொடுத்தது. அதுவும் வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. எதைப் பார்த்துச் சிரிக்கலாம், எதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகள் ஆசிரியர் முகத்திலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள். அன்றைக்கு அந்த வகுப்பு, இதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று தெரிந்துகொண்டுவிட்டது.

இன்று ராத்திரியே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "நீ அழுததில் தப்பே இல்லை. மிஸ் அப்படிச் சொன்னதுதான் தப்பு. பெரியவர்களும் சில நேரம் தப்பாகப் பேசிவிடுவார்கள்" என்று மகளிடம் சொல்லுங்கள். ஆசிரியரைத் திட்டித் தீர்க்காமல் இதைச் சொல்ல முடிந்தால் நல்லது, ஏனென்றால் நாளைக்கும் அவள் அதே ஆசிரியர் முன்னால்தான் உட்கார வேண்டும்.

பிள்ளை சொல்வதை அப்படியே நம்பலாமா?

வார்த்தைகள் கொஞ்சம் மாறியிருக்கலாம். வலித்தது மாறியிருக்காது. "மிஸ் திட்டினாங்களா? எல்லாரும் சிரிச்சாங்களா?" என்று பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்காதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே அன்றைக்கே குறித்து வையுங்கள். பள்ளியில் பேசும்போது அது கைகொடுக்கும்.

உண்மையைச் சொன்னால், எனக்கே ஒரு பிராணிக்கு இவ்வளவு துக்கம் அதிகம் என்றுதான் தோன்றுகிறது. ஆசிரியர் சொன்னதில் நியாயம் இல்லையா?

இதை வெளிப்படையாகக் கேட்பவர்கள் குறைவு, நினைப்பவர்கள் அதிகம்.

சமூகம் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒரு வகை உண்டு. 1989-ல் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா இதற்கென்று தனிப்பெயரே கொடுத்து விளக்கினார். துக்கப்பட ஒருவருக்கு உரிமையில்லை என்று சுற்றியிருப்பவர்கள் கருதும்போது அவருக்கு ஆறுதலும் கிடைப்பதில்லை, அழ இடமும் கிடைப்பதில்லை. அதனால் துக்கம் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை. வளர்ப்புப் பிராணியின் சாவு இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம். பிள்ளைகளின் துக்கத்தையே பெரியவர்கள் பாதிதான் நம்புவார்கள். பிள்ளை, அதுவும் பிராணிக்காக என்றால் கேட்கவே வேண்டாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் பிறந்த 6,260 பிள்ளைகளின் விவரங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சேகரித்து, அதை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. வளர்ப்புப் பிராணியைப் பறிகொடுத்த பிள்ளைகளிடம் மனநலச் சிக்கலின் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. பெண்பிள்ளைகளைவிடப் பையன்களிடம் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "ஒரு பிராணிதானே" என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

ஆய்வை விடுங்கள். மகள் பள்ளியிலிருந்து வந்து பையைக் கழற்றுவதற்குள் காலைச் சுற்றிக்கொண்டு வந்தது அந்தப் பூனை. இன்று வரவில்லை, நாளையும் வராது. வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கும் தூரத்து உறவினர் இறந்தால் பிள்ளையின் ஒரு நாள்கூட மாறாது. பூனை இல்லாத வீட்டில் ஒவ்வொரு மாலையும் மாறிப்போகிறது. தவிர, பல பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கும் முதல் சாவே இதுதான்.

ஆசிரியர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள்? பிள்ளைகள் மேல் அன்பே கிடையாதா?

அன்பு உள்ளவர்களும் பேசுகிறார்கள். நானே பேசியிருக்கிறேன்.

மூன்றாம் வகுப்பு, கணக்குப் பாடம். ஒரு பையன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். "எங்க முயல் செத்துப்போச்சு மிஸ்." மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது, முடிக்க வேண்டிய கணக்கு இன்னும் நாலு. "சரி சரி, முயல்தானே, வேற வாங்கிக்கலாம். பக்கத்தைத் திருப்பு" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் பக்கத்தைத் திருப்பினான்.

அவன் திருப்பியதால் விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அவன் அம்மா வந்தபோதுதான் தெரிந்தது: அன்றிலிருந்து வீட்டில்கூட அவன் முயலைப் பற்றிப் பேசுவதில்லை. முயல் தண்ணீர் குடித்த கிண்ணத்தை மட்டும் துணிக்குள் சுற்றித் தன் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தான். அதை யாராவது பார்த்துவிட்டால் சிரிப்பார்களாம்.

நான் கொடுமைக்காரி இல்லை. அந்த நேரம் எனக்குப் பாடம்தான் கண்ணில் பட்டது. இன்னொரு பயமும் இருந்தது: ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் வகுப்பே அழுதுவிடுமோ என்று. (அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் கண்ணைக் கசக்குவார்கள், அவ்வளவுதான்.) எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன வயதில் எங்கள் நாய் செத்தபோது பெரியவர்கள் எனக்குச் சொன்னதும் இதே வாக்கியம்தான். கேட்டதைத் திருப்பிச் சொன்னேன். பல ஆசிரியர்களின் கதை இதுவாகத்தான் இருக்கும். பிள்ளைகள் சண்டை போட்டால் என்ன செய்வது என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அழுதால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எந்தெந்த வார்த்தைகள் அதிகம் காயப்படுத்துகின்றன?

பிள்ளையின் வயதைப் பொறுத்தது. சாவு என்றால் என்ன என்பது பிள்ளைகளுக்கு ஒரே நாளில் புரிவதில்லை. செத்தது திரும்பி வராது. அதன் உடம்பு இனி எதையும் உணராது, எதையும் செய்யாது. உயிருள்ள எல்லாமே ஒருநாள் சாகும் – இந்த மூன்றும் தனித்தனியாகப் புரிய வேண்டும். அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மார்க் ஸ்பீஸ், சாண்டர் பிரென்ட் என்ற இருவர், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இவை பிடிபடுகின்றன என்று 1984-ல் எழுதினார்கள். அதற்குக் கீழே உள்ள பிள்ளை "எப்ப திரும்பி வரும்?" என்று பத்துத் தடவை கேட்டால் அடம்பிடிக்கிறது என்று அர்த்தமில்லை. இன்னும் புரியவில்லை, அவ்வளவே.

அந்த வயதில் மோசமான வார்த்தை "தூங்கிடுச்சு". கேட்ட பிள்ளை அன்று ராத்திரி தூங்கப் பயப்படும். மருத்துவர் ஊசி போட்டு உயிரைப் போக்கியிருந்தால் இன்னும் கவனம் தேவை. "ஊசி போட்டாங்க, போயிடுச்சு" என்று ஆசிரியர் வகுப்பில் சுருக்கிச் சொன்னால், அடுத்த தடுப்பூசி நாளில் அந்த வகுப்பே அலறும். நடப்பது இதுதான்: மயக்க மருந்தையே மிக அதிக அளவில் கொடுக்கிறார்கள், பிராணி முதலில் நினைவிழக்கிறது, பிறகு மூச்சும் இதயமும் நிற்கின்றன. பிள்ளைக்கு, "அதற்கு இனி குணமாகாது. வலி தெரியாமல் சாவதற்கென்றே ஒரு மருந்து இருக்கிறது. உனக்குப் போடும் ஊசியில் அந்த மருந்து கிடையாது" என்று சொன்னால் போதும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளைச் சுடுவது ஒப்பீடுதான். "இதைவிடப் பெரிய கஷ்டம் எத்தனையோ இருக்கு", "ஆளுக்கு ஒண்ணும் ஆகலியே, சந்தோஷப்படு", "நீ பெரிய பையன்". சொல்பவர் ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறார். பிள்ளையின் காதில் விழுவது: உன் துக்கம் வரிசையில் கடைசி.

காலையில் அழுதான், இடைவேளையில் ஓடிப்பிடித்து விளையாடினான். "நடிக்கிறான், வீட்டுப்பாடம் செய்யாததற்குச் சாக்கு" என்கிறார் ஆசிரியர்.

நடிப்பில்லை. துக்கத்துக்குள் போவதும் அதை விட்டு வெளியே வந்து அன்றாட வேலையைப் பார்ப்பதும் மாறி மாறி நடக்கும் என்று மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999-ல் விளக்கினார்கள். பெரியவர்களைப் பற்றியே அப்படி. பிள்ளைகளிடம் இந்தப் போக்குவரத்து இன்னும் வேகம். மழைத்தண்ணீர் தேங்கிய குட்டையில் இறங்குவார்கள், முழங்கால் நனையும், அடுத்த நிமிடம் குதித்து வெளியே ஓடிவிடுவார்கள். கொஞ்ச தூரத்தில் அடுத்த குட்டை இருக்கும்.

வீட்டுப்பாடம் செய்யாததற்கு அவன் இதைச் சாக்காகவும் சொல்லியிருக்கலாம். சாக்குச் சொல்கிற பிள்ளைக்குத் துக்கம் இருக்கக் கூடாதா என்ன?

பள்ளியில் எப்படிப் பேசுவது? எனக்கு வருகிற கோபத்துக்கு நேராகப் போய்க் கேட்டுவிடலாம் போலிருக்கிறது.

ஒரு ராத்திரி கழியட்டும். முதலில் தலைமையாசிரியரிடம் போகாதீர்கள், வகுப்பு ஆசிரியரிடமே போங்கள். மேலிடத்திலிருந்து வரும் புகாருக்கு மனிதர்கள் தற்காப்பாகத்தான் பதில் சொல்வார்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். அங்கே போட்டால் அது உங்கள் மகளின் பூனையைப் பற்றிய பேச்சாக இருக்காது.

எழுதிக் கொடுப்பதானால் இவ்வளவு போதும்: "வணக்கம். எங்கள் வீட்டுப் பூனை செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டது. புதன்கிழமை வகுப்பில் மகள் அழுதபோது நீங்கள் சொன்னது அவளுக்கு மிகவும் வலித்திருக்கிறது. நீங்கள் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பத்து நிமிடம் நேரில் பேச முடியுமா?"

நேரில் போனால், மகள் சொன்னதைச் சொல்லுங்கள், பிறகு அவர் பக்கத்தைக் கேளுங்கள். "ஐயோ, அது செத்தது எனக்குத் தெரியாதே, பூனை தொலைந்துவிட்டது என்று நினைத்தேன்" என்று பதில் வந்ததும் உண்டு. கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நிறையப் பேர் வருத்தத்தை மட்டும் சொல்லிவிட்டு, எதையும் கேட்காமல் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

என்ன கேட்பது? ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் போதுமா?

யாரிடம், எங்கே கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. உங்களிடம் கேட்டால் உங்கள் மனசு ஆறும். பிள்ளையைத் தனியாக அழைத்து, "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றால் பாதி சரியாகும். ஆனால் சொன்னது வகுப்பு முழுக்கக் கேட்டதே? அவளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு மன்னிப்புக் கேட்டது தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை பூனைக்கு அழுவது இன்னமும் சிரிப்புக்குரிய விஷயம்தான். வகுப்பில் சொன்னதை வகுப்பில்தான் திருத்த முடியும்.

இதற்குப் பெரிய உரை தேவையில்லை. முயல் பையன் விஷயத்தில் நான் செய்தது இவ்வளவே. முதலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் தப்பாப் பேசிட்டேன். எல்லார்கிட்டயும் அதைச் சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. சில பிள்ளைகளுக்கு மறுபடி எல்லோர் கண்ணும் தன்மேல் விழுவதே தண்டனை. அவன் ரொம்ப நேரம் யோசித்து, "என் பேரைச் சொல்லாம சொல்லுங்க" என்றான். மறுநாள் வருகைப்பதிவு எடுத்ததும் சொன்னேன்: "கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் வளர்த்த பிராணி செத்துப்போனப்ப, வேற வாங்கிக்கலாம்னு நான் சொன்னேன். அது தப்பு. நாம நேசிக்கிறது செத்துப்போனா அழுகை வரும். எனக்கும் வந்திருக்கு." அரை நிமிடம் ஆகியிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒருவன் கை தூக்கி, "எங்க மீன்கூடச் செத்துப்போச்சு மிஸ்" என்றான். அன்றைக்குச் சிரித்தவன் அவன்தான் என்று எனக்குச் சந்தேகம்.

நான் ஆசிரியர். வகுப்பில் நாற்பது பேர். ஒவ்வொருவர் நாய்க்கும் பூனைக்கும் துக்கம் விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது, யாரும் கேட்கவும் இல்லை. தேவைப்படுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பக்கத்தில் போங்கள், குரலைத் தணித்து, செத்ததின் பெயரைக் கேளுங்கள். பெயரைக் கேட்பது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். "இப்ப எழுத முடியுமா, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கியா?" என்று இரண்டு வழி கொடுங்கள். முகம் கழுவி வர ஒரு துணையோடு அனுப்புங்கள். மணியடித்த பிறகு இரண்டு வார்த்தை பேசுங்கள்.

என்ன சொல்வதென்று தெரியவில்லையா? "கேட்கவே கஷ்டமா இருக்கு" போதும். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் அதிகம் பேசிவிடுவதுதான் பெரும்பாலும் சிக்கலே.

வகுப்புப் பிள்ளைகள் "மியாவ், மியாவ்" என்று கிண்டல் செய்கிறார்கள்.

இது ஆசிரியர் தடுக்க வேண்டியது, அதுவும் அன்றைக்கே. அவர் வாயிலிருந்து தொடங்கியிருந்தால் அவர் மட்டும்தான் நிறுத்த முடியும். மகளிடம் "கண்டுக்காதே" என்று சொல்லாதீர்கள். அவள் ஏற்கெனவே கேட்ட "விடு, போகட்டும்" வரிசையில் அதுவும் சேர்ந்துவிடும்.

பையன் அழலாமா? லீவு போடலாமா? வேறொரு குட்டி வாங்கிக் கொடுக்கலாமா?

அழலாம். ஒரு நாள் லீவு போடலாம், அதற்குமேல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் "காய்ச்சல்" என்று எழுதாமல் உண்மையான காரணத்தையே எழுதுங்கள். குட்டியை இப்போது வாங்காதீர்கள். பிள்ளையே கேட்கட்டும், கேட்டாலும் சில வாரம் போகட்டும். உடைந்த பொம்மைக்குப் பதில் பொம்மை என்ற கணக்கு இங்கே உதவாது.

ஆசிரியர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் தொட்டால் சிணுங்கி" என்கிறார். அடுத்து?

அப்போதுதான் தலைமையாசிரியர். பள்ளியில் கவுன்சலர் இருந்தால் அவரிடமும் பேசலாம். நடந்தது, எந்த நாள், யாரிடம் பேசினீர்கள், என்ன பதில் வந்தது – இவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுங்கள். ஒரே ஒரு வாக்கியத்துக்காக ஆசிரியரைத் தண்டிக்கச் சொல்லிக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவமானப்படுத்துவதே அவர் வழக்கம் என்று தெரிந்தால் நிலைமை வேறு. ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு, பள்ளி ஒழுங்குமுறை பிள்ளையின் கண்ணியத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. முதல் சந்திப்பிலேயே இதை எடுத்து நீட்டாதீர்கள், பேச்சு அங்கேயே அறுந்துவிடும்.

பள்ளி கடைசிவரை அசையாமலும் போகலாம். அப்போது வேறோர் ஆசிரியரைத் தேடுங்கள். நூலகத்திலோ விளையாட்டு மைதானத்திலோ பிள்ளைக்குப் பிடித்த ஒருவர் இருப்பார். அவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். பள்ளிக்குள் தன் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றால் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

எத்தனை நாளில் சரியாகும்? எப்போது மனநல நிபுணரிடம் போவது?

கணக்கு கிடையாது. "துக்கத்துக்கு ஐந்து கட்டம்" (மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு) என்று எல்லோரும் சொல்வது, மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியதிலிருந்து வந்தது. பூனையை இழந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை அட்டவணையாக வைத்துப் பார்ப்பது தவறு. பொதுவாகச் சில வாரங்களில் அழுகையின் இடைவெளி கூடும். திடீரென்று ஒருநாள் பழைய படத்தைப் பார்த்துத் திரும்பவும் வரும்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி வந்தால், "கதவைத் திறந்து வச்சது நான்தான், நான்தான் கொன்னுட்டேன்" என்று விடாமல் சொன்னால், ஒருவரைப் பார்ப்பது நல்லது. "நானும் அதுகிட்டப் போகணும்" என்று சொன்னால் அன்றைக்கே அது என்ன அர்த்தம் என்று நேராகக் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் ஏக்கத்தில் சொல்வார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் துளி தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

நாளைக் காலை அவளை அனுப்ப வேண்டும். என்ன சொல்லி அனுப்புவது?

"தைரியமா இரு" வேண்டாம். அழுகை வந்தால் என்ன செய்வது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து இன்று ராத்திரியே முடிவு செய்யுங்கள்: "தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா மிஸ்?" என்று கேட்டு எழுந்து போகலாம், பக்கத்து சீட்டுத் தோழியின் கையைத் தொடலாம். யாராவது கேட்டால் சொல்ல ஒரு வரியும் தயாராக இருக்கட்டும்: "எங்க பூனை செத்துப்போச்சு, இப்ப அதைப் பத்திப் பேச வேண்டாம்." பென்சில் டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் பூனையின் சின்னப் படம் ஒன்றை ஒட்டிக் கொடுங்கள். வெளியே தெரியாது, திறந்தால் அவளுக்கு மட்டும் தெரியும்.